கரை தெரியாத மூன்று வாரங்கள்: பாய்மரப் படகில் முதன்முறை கடல் கடப்பவருக்கு

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசியில், ஸ்பெயினைச் சேர்ந்த கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து பாய்மரப் படகுகள் கூட்டமாக மேற்கே கிளம்புகின்றன. அவை போய்ச் சேருமிடம் கரீபியக் கடலோரத்தின் செயின்ட் லூசியா. நடுவே சுமார் 2,700 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் தண்ணீர். 1986-இல் தொடங்கிய ஏ.ஆர்.சி. என்ற கூட்டுப் பயணத்தில் சேர்ந்து போகிறவர்கள் உண்டு. தனியே போகிறவர்களும் உண்டு. இப்படகுகளில் பலவற்றுக்குக் கூடுதல் கை தேவைப்படுகிறது. ஓரளவு பாய் கட்டத் தெரிந்த, சொன்னதைக் கேட்கிற, சமைக்கத் தயங்காத ஆளுக்குப் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். அப்படி இடம் கிடைத்தவருக்காக இதை எழுதுகிறேன்.

நவம்பருக்கு முன் ஏன் போவதில்லை என்றால், ஜூன் முதல் நவம்பர் முடிய அங்கே சூறாவளிப் பருவம். அது ஓய்ந்தபின் வடகிழக்கு வியாபாரக் காற்று நிலைகொள்ளும். அது படகின் முதுகில் வீசுவதால் இதை எளிய பாதை என்பார்கள். எளிய பாதைதான். ஆனால் பின்காற்றில் ஓடும் படகு இரவும் பகலும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே போகும். பன்னிரண்டு மீட்டர் நீளப் படகு ஒன்று சராசரியாக 5 அல்லது 6 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் நாளொன்றுக்கு 120 முதல் 145 கடல் மைல் ஓடும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்று வாரம். அத்தனை நாளும் அந்த ஆட்டத்துக்கு ஓய்வில்லை.

இந்த மூன்று வாரத்தில் புதியவரின் முதல் கடமை என்ன என்று கேட்டால், மற்றவர்கள் தூங்க வழி செய்வதும் தன் முறை வரும்போது தானும் தூங்குவதும்தான் என்பேன். பாயும் கயிறும் கேப்டன் சொல்லித் தருவார். தூக்கம் கெட்ட படகில் முதலில் சண்டை வரும். அடுத்துத் தவறு வரும். கீழே சொல்வதில் பாதி, சுற்றி வளைத்துப் பார்த்தால், யாரோ ஒருவரின் தூக்கத்தைக் காப்பது பற்றியதுதான்.

ஏறுவதற்கு முன்

படகைப் பார்ப்பதற்கு முன் கேப்டனைப் பாருங்கள். ஒரு நாளாவது அவருடன் கரையோரமாகப் பாய் விரித்துப் போய்வராமல் மூன்று வாரத்துக்குச் சம்மதம் சொல்லாதீர்கள். கயிறு சிக்கிக்கொண்டால் கத்துகிறவரா, பொறுமையாக அவிழ்க்கிறவரா என்பது அரை நாளில் தெரிந்துவிடும். பிறகு நேராகவே கேளுங்கள்: மொத்தம் எத்தனை பேர்? சாப்பாட்டுச் செலவு எப்படிப் பங்கு? உயிர்காப்பு மிதவைப் படகைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? எனக்கான லைஃப் ஜாக்கெட் எது, அதில் தொடையிடுக்குப் பட்டை இருக்கிறதா? அந்தப் பட்டை இல்லாவிட்டால் நீரில் ஜாக்கெட் மேலே ஏறித் தலைவழியாகக் கழன்று போகப் பார்க்கும். இப்படிக் கேட்பதற்கு முகம் சுளிக்கும் கேப்டனுடன் போக வேண்டாம். அடுத்த படகு கிடைக்கும்.

பெட்டி கொண்டுபோகாதீர்கள், மடித்து வைக்கக்கூடிய துணிப்பை மட்டும். சிவப்பு விளக்கும் உள்ள தலைவிளக்கு, தாடையில் கட்டும் தொப்பி, கறை படியாத அடிப்பகுதி கொண்ட காலணி, மூக்குக்கண்ணாடி அணிபவரானால் இன்னொரு ஜோடியும் கழுத்துக் கயிறும். வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை இரண்டு பங்காக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். கிளம்பும் மாதத்தில் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நடுக்கடலில் பல்வலி வந்தால் வலி மாத்திரையைத் தவிர வேறு வழியில்லை. கேனரித் தீவுகள் ஸ்பெயினைச் சேர்ந்தவை என்பதால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். படகில் வெளியேறுவதற்கு முன் நீங்கள் வெளியேறுவது எல்லை அதிகாரிகளிடம் பதிவானதா என்று நீங்களே பாருங்கள்.

முதல் மூன்று நாள்

கடல் மயக்கம் பலருக்கும் வரும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. உட்செவி ஆட்டத்தை உணர்கிறது, அறைக்குள் இருக்கும் கண் அசையாத சுவரைப் பார்க்கிறது, மூளை குழம்புகிறது. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். சின்னாரிசின் மாத்திரை, காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை ஆகியவை புழக்கத்தில் உள்ளன. முன்னது தூக்கம் தரும். பின்னது வாயை உலர்த்தும், பார்வையை மங்கலாக்கும். மருத்துவரைக் கேட்டு, கரையிலேயே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். எதுவானாலும் கிளம்புவதற்கு முன்பே தொடங்க வேண்டும். குமட்டல் வந்தபின் விழுங்கிய மாத்திரை வயிற்றில் தங்காது.

மருந்துக்கு மேல் சில பழக்கங்கள் உதவும். தொடுவானத்தைப் பாருங்கள். சுக்கானைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். படகு எப்படித் திரும்பப் போகிறது என்று முன்கூட்டித் தெரிந்தவருக்கு மயக்கம் குறைவு. குளிரும் பசியும் களைப்பும் மயக்கத்தைக் கூட்டும். கீழே போனால் நிற்காமல் நேரே படுக்கைக்குப் போய்க் கண்ணை மூடுங்கள். வாந்தி வந்தால் பக்கக் கம்பிக்கு வெளியே தலையை நீட்டாமல் வாளியை எடுங்கள். எட்டிக் குனியும்போது கடலில் விழுந்தவர்கள் உண்டு. உப்புச்சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருங்கள். சுக்குப் பொடியும் இஞ்சி மிட்டாயும் நம் ஊர்க்காரர் பையில் எப்படியும் இருக்கும். அவை இப்போது பயன்படும்.

இந்த மூன்று நாளுக்கான சமையலைக் கரையிலேயே முடித்து வையுங்கள். கிளம்பிய அன்று மாலை அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்க யாராலும் முடியாது.

காவல் முறை

படகு இரவில் நிற்பதில்லை. 1972-இன் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே முறை வைத்து விழித்திருக்க வேண்டும். நான்கு பேர் இருந்தால் கணக்கு அழகாக அமையும்: இரவு 8 முதல் 11, 11 முதல் 2, 2 முதல் 5, 5 முதல் 8. ஒருவருக்கு மூன்று மணி நேரக் காவல், ஒன்பது மணி நேர ஓய்வு. மூன்று பேரானால் மூன்று மணி வேலை, ஆறு மணி ஓய்வு. இருவர் என்றால் ஒருவர் மாற்றி ஒருவர்தான். இந்தியக் கடற்படையின் தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, தாரிணி படகில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். படகில் அவர்கள் இருவர் மட்டுமே. உங்களுக்குக் கிடைக்கும் ஒன்பது மணி நேர ஓய்வு எவ்வளவு பெரிய வசதி என்பது அப்போது புரியும்.

இரவு 2 மணிக்குத் தொடங்கும் காவல் யாருக்கும் பிடிக்காது. அதை ஒருவர் தலையிலேயே கட்டாமல் சில நாளுக்கொருமுறை சுழற்றிவிடும் கேப்டன் நல்ல கேப்டன். ஆனால் தினந்தோறும் மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரே நேரத்தில் தூங்கி எழுந்தால்தான் உடம்பு அந்த நேரத்தைக் கற்றுக்கொள்ளும்.

முறை மாறும் ஒழுங்கு இதுதான். பதினைந்து நிமிடம் முன்னால் அடுத்தவரை எழுப்ப வேண்டும். பெயரைச் சொல்லி, தோளைத் தொட்டு, வெளியே எப்படி இருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில்: “மழை இல்லை, குளிர் இருக்கிறது, அங்கி போட்டுக்கொண்டு வா.” அவர் எழுந்து உட்காரும் வரை நகராதீர்கள், “சரி” என்று தூக்கத்திலேயே சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பவர்கள்தான் அதிகம். தேநீர் வைத்துக் கொடுத்தால் உங்களை வாழ்நாள் முழுக்க நினைத்திருப்பார். மேலே வந்தவர் கண்கள் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும்; அதனால்தான் சிவப்பு விளக்கு. போகும் திசை, காற்றின் பலம், விரித்திருக்கும் பாய், கண்ணில் பட்ட கப்பல், பேட்டரியின் நிலை ஆகியவற்றைச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும். குறிப்பேட்டில் இருப்பிடத்தையும் காற்றழுத்தத்தையும் எழுதுங்கள். திரைகள் எல்லாம் ஒரே மின்னலில் அணைந்து போனாலும் கடைசி இருப்பிடம் காகிதத்தில் இருக்கும்.

காவலில் என்ன செய்வது? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று ஒரு முழு வட்டம் பார்க்க வேண்டும். பத்து என்பதற்குக் காரணம் உண்டு. காக்பிட்டில், அதாவது சுக்கான் இருக்கும் திறந்த பள்ளத்தில், நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டர் உயரம் என்றால், தொடுவானம் சுமார் 3 கடல் மைலில் முடிகிறது. 18 நாட் வேகச் சரக்குக் கப்பல் 3 மைலைப் பத்தே நிமிடத்தில் கடந்துவிடும். நல்ல வானிலையில் உயரமான கப்பலின் விளக்கு முன்பே தெரியும், மழையில் தெரியாது. சிவப்பு விளக்கு கப்பலின் இடப்புறம், பச்சை வலப்புறம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது உங்களை நோக்கி வருகிறது. திசைகாட்டியில் அதன் கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதும் பாதையில் இருக்கிறீர்கள். கப்பல்களைத் திரையில் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி பெரிய உதவிதான். ஆனால் எல்லாப் படகிலும் அது இருக்காது. சந்தேகம் வந்தால் கேப்டனை எழுப்புங்கள். எழுப்பியதற்காக எந்த நல்ல கேப்டனும் கோபித்துக்கொண்டதில்லை. “இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போட்டதற்காகக் கோபித்திருக்கிறார்கள்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல். மேற்கே 15 பாகை போனால் சூரியன் ஒரு மணி நேரம் தாமதமாக உதிக்கும். லாஸ் பால்மாஸிலிருந்து செயின்ட் லூசியா வரை ஏறக்குறைய 46 பாகை, அதாவது மூன்று மணி நேரம். கடிகாரத்தைத் தொடாமலே போனால் கடைசி வாரத்தில் காலை உணவு இருட்டில்தான். ஆகவே வழியில் சில முறை படகின் நேரத்தை ஒரு மணி பின்தள்ளுவது வழக்கம். அந்தக் கூடுதல் ஒரு மணி யார் காவலில் சேரும் என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

தூங்குமிடம்

படகின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. முன்முனை அறை துறைமுகத்தில்தான் அழகு. கடலில் அங்கே படுத்தால் உடம்பு மெத்தையை விட்டு எழும்பி எழும்பி விழும். படுக்கையோரம் ஒரு கெட்டித் துணியை மேல்நோக்கி இழுத்துக் கட்டுவார்கள். அதற்குள் தூளியில் கிடப்பதுபோல் உருளாமல் தூங்கலாம். காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கூப்பிட்டால் கேட்கிறதா என்று பாருங்கள். அலமாரிக்குள் உருளும் ஒரே ஒரு பாட்டில் ஓர் இரவையே கெடுத்துவிடும். அதை எழுந்து தேடித் துணி சுற்றி வைப்பவர் எல்லாருக்கும் நன்மை செய்கிறார். பகலில் ஒருவர் படுத்திருக்கும் வரை படகே தூங்குகிறது என்று எடுத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசுங்கள்.

அடுப்படி

நம்மவர் உடனே மதிப்புப் பெறும் இடம் இது. கடலோடிகள் பலரும் விரும்பும் பாத்திரம் பிரஷர் குக்கர்; மூடி பூட்டிக்கொள்வதால் கவிழ்ந்தாலும் கொட்டாது, எரிவாயுவும் குறைவாகச் செலவாகும். அரிசியும் பருப்பும் காயும் ஒன்றாகப் போட்டு இறக்கிய சோறு, மேலே ஊறுகாய்: ஆட்டம் மிகுந்த நாளுக்கு இதைவிடச் சிறந்த உணவை நான் பார்த்ததில்லை. உப்புக்குப் பதிலாக உலைநீரில் நான்கில் ஒரு பங்கு கடல்நீர் விடலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் அதற்கு மேல் போனால் வாயில் வைக்க முடியாது. தட்டு வேண்டாம், ஆழமான கிண்ணமும் கரண்டியும் போதும். டம்ளரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

அடுப்பு இரண்டு முனைகளில் தொங்கி, படகு சாயும்போது தான் மட்டும் நேராக நிற்கும். அது ஆடும் வழியில் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். கொதிக்கும் எதையும் தூக்கும்போது வெயிலானாலும் மழை அங்கியின் கால்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். இப்பயணங்களில் தீக்காயம் அரிதன்று. மருத்துவமனையோ இரண்டு வாரத் தொலைவில். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிப்பள்ளத்தில் தங்கிவிடும். ஒவ்வொரு முறை சமைத்து முடித்ததும் குழாயின் வால்வை மூடிவிட்டு, “மூடியாகிவிட்டது” என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் நல்லது.

அட்டைப்பெட்டி எதையும் படகில் ஏற்றாதீர்கள். கரப்பான் முட்டை அதில்தான் வரும். காய்கறியைக் கழுவி, உலர்த்தி, வலைப்பையில் தொங்கவிடுங்கள். முட்டைக்கோசு, பூசணி, வெங்காயம், உருளைக்கிழங்கு கடைசி வரை தாங்கும். வெங்காயத்தையும் உருளையையும் மட்டும் பிரித்து வையுங்கள். குளிர்ப்பெட்டிக்குள் போகாத, கழுவாத முட்டையாகப் பார்த்து வாங்கி, நாள்தோறும் திருப்பி வைத்தால் பயணம் முழுக்கக் கெடாது. வாழைக்குலை வாங்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அது ஒரே நாளில் மொத்தமாகப் பழுக்கும். பிறகு மூன்று நாள் வாழைப்பழம்தான். பின்னால் தூண்டில் கயிறு விட்டால் டொராடோ மீன் சிக்கலாம். ஒன்று கிடைத்ததும் கயிற்றைச் சுருட்டிவிடுங்கள். நான்கு பேர் தின்பதற்கு மேல் பிடிப்பது வீண். 2011-க்குப் பிறகு சர்காசம் கடற்பாசி இப்பகுதியில் பெருமளவில் மிதக்கத் தொடங்கியிருப்பதால், மீனைவிடப் பாசியே அதிகம் சிக்கும்.

தண்ணீரும் உடம்பும்

குடிக்க ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்றால் நால்வருக்கு இருபது நாளில் 240 லிட்டர். கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் இருந்தாலும் அந்த அளவு பாட்டிலில் தனியாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இயந்திரம் நின்றால் குடிநீர்த் தொட்டி மட்டும் போதாது. பாத்திரம் கடல்நீரில் கழுவி, கடைசியில் சிறிது நன்னீரில் அலசலாம். குளியலும் அப்படியே: பின்தளத்தில் உட்கார்ந்து, கயிற்றில் பிணைத்துக்கொண்டு, கடல்நீர் ஊற்றி, முடிவில் ஒரு செம்பு நன்னீர். அந்த ஒரு செம்பைத் தவிர்க்காதீர்கள். உப்பு படிந்த தோலும் துணியும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; நாள் முழுக்க ஈரத்தில் உட்கார்ந்தால் பின்புறத்தில் கொப்புளம் கிளம்பும்.

கழிப்பறையைப் பற்றிக் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். வயிற்றுக்குள் போகாத எதுவும் அந்தக் கிண்ணத்துக்குள் போகக் கூடாது, காகிதம் தனிப்பையில். நீர் ஊற்றிக் கழுவும் நம் வழக்கத்துக்கு அழுத்திப் பீய்ச்சும் பாட்டில் ஒன்று கொண்டுபோங்கள். காகிதம் அடைக்கும் தொல்லையே இராது. முதல் நாள்களில் மலச்சிக்கல் வரும், யாரும் சொல்லமாட்டார்கள். தண்ணீரும் உலர்ந்த திராட்சையும் உதவும்.

காற்று, பாய், திடீர் மழை

20 நாட் பின்காற்றில் 6 நாட் வேகத்தில் ஓடும்போது முகத்தில் படுவது 14 நாட்தான். அதனால் காற்று குறைவு என்று தோன்றும். அதே காற்றை எதிர்த்துத் திரும்பினால் 26 நாட். எனவே பொழுது சாய்வதற்கு முன், தேவையில்லை என்று தோன்றினாலும், பாயைக் குறைத்துவிடுங்கள். அரை நாட் வேகம் போகும்; நள்ளிரவில் எல்லாரையும் எழுப்பிப் பாய் குறைக்கும் அமளி இராது.

இரவில் நட்சத்திரங்களை மறைத்தபடி கறுப்பாக ஒன்று பின்னால் வளர்ந்தால் அது மழைமேகம். 15 நாட் காற்று சில நிமிடத்தில் 30-ஐத் தாண்டலாம், திசையும் மாறலாம். பெரும்பாலும் கால் மணி, அரை மணியில் கடந்துவிடும். பெரும்பாயின் அடியில் கிடையாக நிற்கும் பூம் கட்டைதான் அப்போது ஆபத்து. காற்று பாயின் மறுபக்கம் புகுந்தால் அது மறுபுறத்துக்கு அடித்துக்கொண்டு வரும். குறுக்கே நிற்கும் தலையைப் பார்க்காது. அது திரும்பாமல் முன்னோக்கி இழுத்துக் கட்டும் கயிறு எங்கே இருக்கிறது, எப்படி அவிழ்ப்பது என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் வெளிச்சம் வந்ததும் தளத்தை ஒரு சுற்று பாருங்கள். பறக்கும் மீன் செத்துக் கிடக்கும், அள்ளிப் போடுங்கள். ஆணியோ ஊசியோ கிடந்தால் மட்டும் தூக்கிப் போடாமல் கேப்டனிடம் காட்டுங்கள். அது மேலே எதையோ பிடித்திருந்த ஒன்று. ஒரே இடத்தில் நாள்கணக்கில் உராயும் கயிறு அறுந்துபோகும். தினமும் ஒரு சாண் தளர்த்தியோ இழுத்தோ உராயும் இடத்தை மாற்ற வேண்டும்.

விழுந்துவிட்டால்

இதற்கு நீளமான பேச்சு தேவையில்லை: விழக் கூடாது. 6 நாட் வேகத்தில் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் போய்விடும். இரண்டு மீட்டர் அலைகளுக்கு நடுவே மனிதத் தலை சில நொடியில் மறைந்துவிடும். படிக்கட்டின் கடைசிப் படியில் நிற்கும்போதே உங்களைப் படகோடு பிணைக்கும் கயிற்றை மாட்டிவிட்டு மேலே வாருங்கள். இரவில் எப்போதும், பகலில் தனியாக இருக்கும்போதெல்லாம். இரவில் காக்பிட்டை விட்டு முன்னால் போவதானால் இன்னொருவர் எழுந்து வரும் வரை காத்திருங்கள். இந்த ஓர் இடத்தில் பிறர் தூக்கத்தைக் கெடுக்கலாம்.

யாராவது விழுந்துவிட்டால் புதியவரின் வேலை ஒன்றே: உரக்கக் கத்திவிட்டு, விழுந்தவர்மீது வைத்த கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருப்பது. மிதவையை வீசுவதும் கருவியில் இடத்தைப் பதிவதும் மற்றவர்கள் செய்வார்கள். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு இருப்பிடம் அனுப்பும் அவசரக் கருவி எங்கே தொங்குகிறது, வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆவது அலைவரிசையில் எப்படிப் பேசுவது என்பவற்றைப் படகு துறைமுகத்தில் கட்டியிருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

கரை சேர்ந்ததும்

செயின்ட் லூசியாவின் வடகோடியில் ரோட்னி விரிகுடாவுக்குள் நுழையும்போது மஞ்சள் கொடி ஏற்றுவார்கள். குடியேற்ற, சுங்கச் சடங்குகள் முடியும் வரை கேப்டனைத் தவிர வேறு யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. பணியாளாக வந்தவர் நாட்டை விட்டு வெளியேறும் வரை பொறுப்பு கேப்டன் தலையில் இருப்பதால், திரும்பிப் போகும் விமான டிக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். விசா விதிகளைக் கிளம்பும் முன்பே அந்நாட்டு அதிகாரிகளிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக, எதிர்பார்க்கும் நாளுக்குக் குறைந்தது ஒரு வாரம் தள்ளி எடுங்கள். காற்று நின்றுபோன நாளில் விமானத்தை நினைத்து இயந்திரத்தை ஓட்டச் சொல்லி நச்சரிக்கும் ஆளை அடுத்த பயணத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள்.